விரல்கள் கூறும் செய்தி

கை மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில், "ரத்த ஓட்டம் சரியில்லை, எண்ணெய் தேய்த்து உருவிவிடுங்கள்" என்று யோசனை கூறாத தமிழ்க் குடும்பம் இராது. அந்த யோசனையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை எங்களுக்கு உணர்த்தியவை என் அண்ணியாரின் விரல்கள்.

அண்ணியார் தில்லியில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மகளின் கல்லூரிச் சம்பளம் அந்தத் தையலிலிருந்துதான் கட்டப்படுகிறது. ஒரு குளிர்காலத்தில் அவருக்கு இரண்டு விதமான தொல்லைகள் நேர்ந்தன. நள்ளிரவில் கை மரத்து, ஊசி குத்துவது போன்ற வேதனையுடன் விழித்துக்கொள்வார். கையை உதறினால் சற்றுத் தணியும். விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் பட்டாலோ, விரல் நுனிகள் சுண்ணாம்பு போல் வெளுத்து, பின் நீலம் பாரித்து, இறுதியில் சிவந்து வலிக்கும். நாளடைவில் பொத்தான்கூடக் கையில் நிற்காமல் நழுவலாயிற்று. அண்டை அயலார் யாவரும் எல்லாவற்றுக்கும் குளிரே காரணம் என்றனர்.

டாக்டர் முதலில் கேட்டது, "எந்த விரல்கள் மரக்கின்றன?" என்பதே. அண்ணியாருக்கு ஹிந்தி சரளமாக வராது. மற்றொரு கையால் தொட்டுக் காட்டினார்: கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டு விரலுக்கு ஒரு குறையும் இல்லை. நோய் இருக்கும் இடத்தை அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் கெட்டியான ஒரு தசைநாருக்கும் இடையே குறுகிய சுரங்கம் போன்ற வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் என்னும் நரம்பும் அதனுள்ளே செல்கின்றன. அங்கு வீக்கம் கண்டால் நரம்பு நசுங்குகிறது. உறக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது அழுத்தம் மிகுவதால்தான் இரவில் வேதனை அதிகம். இதற்குக் கார்ப்பல் டன்னல் நோய் என்று பெயர்.

அப்படியானால் விரல் வெளுப்பது ஏன்? குளிரில் விரல்களின் சிறு ரத்தக் குழாய்கள் அளவுமீறிச் சுருங்குவதை 1862-இல் மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்தார். அது தனியே வரக்கூடியதுதான். ஆயினும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நுண்ணிய இழைகளும் மீடியன் நரம்பின் வழியாகவே விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியவர்களிடம் ரேனோவின் தொல்லையும் பிறரைக் காட்டிலும் அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே ஒன்றைக் கண்டால் மற்றதையும் விசாரிப்பது நன்று.

நரம்பில் மின்னுணர்ச்சி செல்லும் வேகத்தை அளந்து நோயை உறுதி செய்தனர். தைராய்டுக் குறைவு, நீரிழிவு, முடக்குவாதம் ஆகியவையும் இதற்குக் காரணமாகக் கூடுமாதலால் அவற்றுக்கும் சோதனை நடந்தது. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை மூன்று மாதம் அணிந்தும் குறையாமையால், அந்தத் தசைநாரை அறுத்து நரம்புக்கு இடம் உண்டாக்கினர். இரவு வேதனை நீங்கிற்று. குளிரில் வெளுப்பது குறைந்ததேயன்றி அறவே மறையவில்லை. அதற்குக் கம்பளிக் கையுறையும் வெந்நீரும் துணையிருக்கின்றன. தையல் இயந்திரம் மறுபடி ஓடுகிறது.

இந்நோயில் காலதாமதம் தகாது. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் கட்டை விரலின் அடிச்சதை வற்றிவிடும். பிறகு சிகிச்சை செய்தாலும் முழு வலிமை திரும்புவது அரிது. விரல் நுனியில் புண் கண்டால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. புகைபிடிப்பவர் அதை விட்டொழிப்பது விரல்களுக்குச் செய்யும் பேருதவி.

வேற்று மொழி பேசும் டாக்டரிடம் நோயை விளக்கத் தயங்கும் தாய்மார்கள் நம்மில் பலர் உளர். எந்த விரல், எந்த நேரம், என்ன நிறம் என்ற மூன்றையும் ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளுடன் செல்லுங்கள். படித்துச் சொல்ல வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.