வராது

முதல் இரண்டு ஆண்டுகள் தமிழ்ப் பாடம் எல்லாருக்கும் பொது என்பதால் பி.காம். மாணவிகளும் என் வகுப்புக்கு வருவார்கள். புள்ளியியல் வகுப்பில் வாய் திறக்காதவர்கள் என்னிடம் சொல்வார்கள்: "ஸ்டாட்ஸ் எனக்கு வராது மேம்."

தமிழ் படித்தவளுக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. 'வரவில்லை' என்பது இன்றைய நிலை, நாளை வரலாம். 'வராது' இன்றையும் நாளையையும் சேர்த்தே மூடிவிடுகிறது. ஃபின்னி, ஷ்ரா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள். புள்ளியியலில் 14 வேலைகள். இவற்றை இப்போது செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறாய்? கற்றுக்கொள்ள முடியும் என்று எவ்வளவு நம்புகிறாய்? முதல் கேள்வியை மதிப்பெண் பட்டியல் ஓயாமல் கேட்கிறது. இரண்டாவதை எங்கள் பெண்களிடம் யார் கேட்கிறார்கள்?

பையன் தோற்றால் ட்யூஷன் வைக்கிறார்கள். பெண் தோற்றால், "அவளுக்கு வராது, விடு." எம்.காம். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டால் வீட்டுக்கு இன்னும் வசதி, மாப்பிள்ளை பார்க்கலாம்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலைக்குப் போகும் அம்மாக்கள் நிறைய. என் மாணவி ஒருத்தியின் அம்மா, சூளை பிரித்ததும் உடைசல், விரிசல், நெளிசல் என்று பொம்மைகளைப் பிரித்து வைப்பவர். நூற்றுக்கு எத்தனை போகும், அடுத்த முறை எத்தனை கூடுதலாக அடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனக்கணக்கு. கூலி நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஹெல்பர்'. மகளோ திட்ட விலக்கம் என்ற சொல்லைக் கண்டாலே நோட்டை மூடுகிறாள்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தானே செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலில் வைத்தார். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பது. ஊக்கச் சொற்கள் அதற்குப் பிறகுதான். (நாமோ தன்னம்பிக்கைப் பேச்சாளருக்குச் சால்வை போர்த்தி அனுப்புகிறோம்.)

அம்மாவின் உடைசல் கணக்கை எழுதி வரச் சொன்னேன். இரண்டு சூளைகள், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை. கணிதத் துறை மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து முதல் சூளைக்குப் போட்டுக் காட்டினாள்: சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது, அதன் வர்க்கம், அவற்றின் சராசரி, வர்க்கமூலம். இரண்டாவது சூளைக்கு இவளே போட்டாள். சராசரி கிட்டத்தட்ட ஒன்றுதான். விலக்கம் இரண்டு மடங்கு.

வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். "அந்தச் சூளைக்கு எரிக்கிற ஆள் மாறிக்கிட்டே இருக்காங்க இல்ல" என்றாராம் அம்மா, பூண்டு உரித்தபடி. மறுநாள் வந்தவள், ஆள் வாரியாகப் பிரித்து எழுதப் புது நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தாள்.