பட்டியலில் எட்டாவது வரி

தேனி ரயில் நிலையத்தில் இறங்கியதும் அண்ணன் மகள் முதலில் செய்த காரியம், பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வரிக்கு எதிரே டிக் போட்டதுதான். ‘போடி ரயிலில் போவது’ என்று எழுதியிருந்தாள். 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன ரயில் போடி வரை மறுபடி வந்து சேர 2023 ஜூன் 15 ஆகிவிட்டது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நின்றது, அவள் ஏழாம் வகுப்பு முடித்த பிறகு வந்தது. “இன்னும் பதினொண்ணு இருக்கு அத்தை. மே முடியறதுக்குள்ள எல்லாத்தையும் பண்ணிடணும்” என்றாள்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு வந்திருந்தாள். ஜூனில் பத்தாம் வகுப்பு. அதன் பிறகு டியூஷன், திருப்புதல் தேர்வு, அடுத்து பன்னிரண்டு என்று வரிசை கட்டி நிற்கிறது. இதுதான் தனக்குக் கடைசி லீவு என்று அவள் சொன்னபோது எனக்கு மனசு கனத்தது. பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லக்கூடாத வாக்கியம் அது.

குச்சனூர் போகும் வழியில் அந்தப் பட்டியலைப் படித்தேன். மேகமலை, சுருளி, திராட்சைத் தோட்டம், வீரபாண்டித் திருவிழா ராட்டினம், பண்ணைப்புரம், மொட்டைமாடித் தூக்கம், அப்பத்தாவிடம் ஒரு குழம்பு. எட்டாவது வரியில் வந்து நின்றுவிட்டேன். ‘டவுன் பஸ்ஸில் தனியாகச் சின்னமனூர் போய் வருவது.’ ‘தனியாக’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். பதினோராவது வரி, ‘அப்பா குதித்த வாய்க்காலில் நானும் குதிப்பது.’

என் அம்மா, அவளுடைய அப்பத்தா, பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மேகமலைக்குச் சரி என்றார், சுருளிக்கும் சரி என்றார். எட்டுக்கும் பதினொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தாயி அதெல்லாம்?”

*

குச்சனூரை வெளியூர்க்காரர்கள் சனிக்கிழமையை வைத்துத்தான் அறிவார்கள். சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர் கோயில். மற்ற கோயில்களில் நவக்கிரகங்களுள் ஒருவராக நிற்கும் சனீஸ்வரர் இங்கே மூலவர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் ஊரே திருவிழாவாகும். குச்சுப்புல்லால் கூரை வேய்ந்து எழுப்பிய கோயில் என்பதால் குச்சனூர் ஆயிற்று என்று தலபுராணத்தில் சொல்வார்கள்.

வந்த முதல் சனிக்கிழமை விடியலில் கோயிலுக்குப் போனோம். எள் விளக்குகளின் எண்ணெய்ப் புகை, ஈரத்துணியோடு வரிசையில் நிற்பவர்கள், கடைகளில் அடுக்கிவைத்த காகத்தின் உருவங்கள். படைத்த சோற்றைக் காக்கைக்கு வைக்கும் நேரத்தில் எல்லார் கண்ணும் மேலே போயின. ஒரு காக்கை மதில்மேல் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்துவிட்டு, மனிதர்களையும் பார்த்தது. யாரும் அசையவில்லை. அது தத்தி இறங்கி முதல் பருக்கையைக் கொத்தியதும் என் பக்கத்தில் நின்ற பெரியவரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அண்ணன் மகள் நோட்டை எடுத்துப் பதின்மூன்றாவதாக ஒரு வரி எழுதி உடனே அதற்கு டிக் போட்டாள். ‘காக்கை சாப்பிடக் காத்திருப்பது.’

*

பெரிய வரிகள் சீக்கிரமாக முடிந்தன. சின்னமனூரிலிருந்து ஏறும் மேகமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே வந்தவள் உச்சியில் தேயிலைச் சரிவைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டாள். சுருளி அருவியில் கோடைத் தண்ணீர் கொஞ்சமாகத்தான் விழுந்தது. அதிலேயே தலை நனைத்துக்கொண்டாள். கீபோர்டு கற்கும் பெண் என்பதால் பண்ணைப்புரத்தில், இளையராஜா பிறந்த ஊரின் தெருவில், காதில் எதையும் மாட்டாமல் நடந்தாள். சேவல், பம்பு செட், தொலைவில் ஒரு ஸ்பீக்கர். “இதெல்லாம் கேட்டுத்தானே அவரும் வளர்ந்திருப்பார்” என்றாள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா எட்டு நாளும் கூட்டம் குறையவில்லை. அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள் ஒருபுறம் போய்க்கொண்டிருக்க, மறுபுறம் ராட்டினத்தின் உச்சியிலிருந்து இவள் கத்திய கத்து எனக்குக் கீழே கேட்டது.

திராட்சைத் தோட்டத்தில்தான் நாள் மெதுவானது. ஆனைமலையன்பட்டிப் பக்கம் உறவுக்காரர் ஒருவரின் தோட்டம். பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் வெயில் பச்சையாக மாறிவிடும். கல்தூண்கள், அவற்றின்மேல் வலைபோல ஓடும் கம்பி, கம்பியெல்லாம் கொடி, தலைக்கு மேல் கறுநீலக் கொத்துகள். இது பன்னீர் திராட்சை. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு ஒரு அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கின் மண்ணிலும் பருவத்திலும் கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி, ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பழத்தைத் தொடாமல் காம்பைப் பிடித்து வெட்ட வேண்டும் என்று அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்தார். பழத்தின்மேல் மாவு பூசினாற்போல ஒரு படலம் இருக்கும். விரல் பட்டால் அது அழிந்துவிடும், பழம் பழசுபோலத் தெரியும், விலை இறங்கும். இவள் வெட்டிய முதல் கொத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன. அந்த அக்கா அதைத் தனியே எடுத்து வைத்து, “இது உனக்கு. அடுத்தது யாவாரத்துக்கு” என்றார். ஐந்தாவது கொத்தில்தான் ஒரு தடமும் இல்லை. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா ஒன்றும் சொல்லாமல் டிப்பர் பெட்டியில் அடுக்கினார். மேகமலை உச்சியில் பார்க்காத வெளிச்சத்தை அப்போது இவள் முகத்தில் பார்த்தேன்.

*

எட்டாவது வரியை அம்மா மறந்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் மறக்கவில்லை. “அவங்கப்பன் கேட்டா யாரு பதில் சொல்றது?” என்றார். அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போயிட்டு வரட்டும்மா” என்றார்.

எனக்கு ஏன் அந்த வரி அவ்வளவு முக்கியமாகப் பட்டது என்று சொல்ல வேண்டும். இதே வீட்டில் எனக்குப் பதினாறு வயது நடந்தபோது சின்னமனூர் போக வேண்டுமானால் துணை வேண்டும். அண்ணன் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புவார்கள். அவனுக்கு எட்டு வயது. அவன்தான் எனக்குக் காவல். வழியெல்லாம் அவன் கையை நான் பிடித்துக்கொண்டு போவேன், ஆனால் கணக்கில் அவன் என்னைக் கூட்டிப்போனதாக இருக்கும். அதே வயதில் அண்ணன் சைக்கிளில் உத்தமபாளையம், தேவாரம், கோம்பை என்று சுற்றினார். வாய்க்கால் மதகிலிருந்து குதித்த கதை இன்றைக்கும் அவர் வாயில் இருக்கிறது. மகளும் அதைக் கேட்டு வளர்ந்தவள். என்னிடம் அப்படி ஒரு கதை இல்லை.

காலை பத்து மணிக்குக் கிளம்பினாள். அம்மா சொன்ன சாமான்கள்: ஒரு கட்டு வாழை இலை, அரைக் கிலோ எள், தாளிக்கும் கரண்டி ஒன்று. சின்னமனூர் வாழைக்குப் பேர்போன சந்தை என்பதால் இலைக்குக் குறைவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சீட்டு இலவசம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த திட்டம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது மாதச் செலவில் மிச்சம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது இன்னொன்றாகவும் இருக்கிறது: வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை, எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டியவள் வரவில்லை. போன் அடித்தேன், அணைந்திருந்தது. அம்மா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். “நீ போய் பஸ் ஸ்டாப்புல நில்லு. அங்கிட்டு ஒரு எட்டுப் பாரு” என்றார். எனக்கும் கால் பரபரத்தது. பைக் சாவி கையில்தான் இருந்தது. ஆனாலும் திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு பிள்ளை தனியாகப் போய்வரக் கற்பதில் பாதி வேலை அவளுடையது. மீதிப் பாதி, பின்னாலேயே ஓடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம்முடையது. இந்தப் பாதி எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மணி பத்துக்கு வந்தாள். தோளில் இலைக்கட்டு, நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. அடுத்த பஸ் எப்போது என்று யாரைக் கேட்பது என்று கொஞ்சநேரம் தெரியவில்லை. பிறகு பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். “அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி, யாரு வீட்டுப் பிள்ளை நீன்னு கேட்டாங்க அத்தை. குச்சனூர்னு சொல்லி அப்பத்தா பேரைச் சொன்னேன். உடனே பக்கத்துல உட்காரச் சொல்லிட்டாங்க. நானும் கொஞ்சம் பூக்கட்டினேன்.” இலைக்கட்டின் மேல் ஒரு முழம் மல்லிகை இருந்தது. முடிச்சுகள் முன்னும் பின்னுமாகத் தளர்ந்திருந்த பக்கம் அவள் கட்டியது.

‘யார் வீட்டுப் பிள்ளை?’ அவள் வயதில் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பயம். அது வீட்டுக்குத் தகவல் போகப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. இவளுக்கு அதே கேள்வி உட்கார ஓர் இடத்தைக் கொடுத்திருக்கிறது. கேள்வி மாறவில்லை. அவள் அனுமதியோடு போனவள், ஒளிக்க எதுவும் இல்லாதவள், அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு அந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டால், கேட்கிற கண்களெல்லாம் துணையாக மாறிவிடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

அம்மா அவளைத் திட்டவில்லை. கரண்டியைத் தட்டிப் பார்த்தார், எள்ளை முகர்ந்து பார்த்தார், பூவை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

*

பதினோராவது வரிதான் பாக்கி. அதற்குத் தண்ணீர் வேண்டுமே. மேற்கே அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி 1895இல் தண்ணீர் விட்டதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் காலண்டர் அணையின் கையில் இருக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 அன்று முதல் போகத்துக்குத் தேக்கடியில் திறப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நிலம் மட்டும் 14,707 ஏக்கர். மே மாதத்தில் வாய்க்காலில் கோரையும் ஈரச்சேறும்தான். பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் இங்கே தண்ணீரும் திறக்கும்.

அன்றிரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். “அப்பா குதிச்ச இடத்துல தண்ணியே இல்ல அப்பத்தா” என்று குறைப்பட்டுக்கொண்டாள். அம்மா வானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “உங்கப்பனுக்கு நீச்சல் பழக்கி விட்டதே நாந்தான்.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பிறந்த ஊர்க் கிணற்றில், ஏழெட்டு வயதில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகியிருக்கிறார். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகும் விடியுமுன் பெண்களெல்லாம் சேர்ந்து வாய்க்காலுக்குக் குளிக்கப் போவார்களாம். அப்போது மகனை இடுப்பில் வைத்துப் பழக்கியிருக்கிறார். பிறகு தெருவுக்குக் குழாய் வந்தது, வீட்டுக்குள் குளியலறை வந்தது, வாய்க்காலுக்குப் போகும் வேலை நின்றது. நான் வளர்ந்தது அதற்குப் பின்னால். “உனக்கு ஏன் பழக்கலைன்னு கேக்காத. அப்ப யாரும் போகலை, நானும் போகலை” என்றார் என்னிடம். குரல் இறங்கியிருந்தது. வசதி வந்தபோது கூடவே ஒரு கதவு சாத்திக்கொண்டதை நாங்கள் இருவருமே கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

மறுநாள் காலையில் அம்மா கொல்லைப் பக்கம் போனார். விதைக்கு விட்டிருந்த சுரைக்காய் ஒன்று கொடியிலேயே முற்றிக் கிடந்தது. அதைக் காம்போடு அறுத்து வந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் வைத்தார். “மதகுலயும் ஆத்துலயும் குதிக்கிறதெல்லாம் பெறகு. அங்க இழுப்பு அதிகம். மொதல்ல நெஞ்சளவுத் தண்ணியில மெதக்கப் பழகணும்” என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் மகள் நோட்டை எடுத்துப் பதினோராவது வரியில் ‘அப்பா குதித்த’ என்பதை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் ‘அப்பத்தா நீந்திய’ என்று எழுதினாள். ‘குதிப்பது’ என்பதையும் ‘நீந்துவது’ என்று மாற்றினாள்.

மே கடைசியில் நாங்கள் சென்னைக்கு ரயில் ஏறினோம். ஜூன் முதல் தேதி அம்மா போன் செய்தார். “தேக்கடியில தண்ணி தொறந்துட்டாகளாம். நாத்தங்காலுக்கு உழுக ஆரம்பிச்சுட்டாக. ஆடிச் சனிக்கிழமைக்கு வாறப்ப வாய்க்கா நெறைய ஓடும்” என்றார். போனை வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார்.

“குடுக்கை நல்லாக் காயுது. ஆட்டிப் பாத்தா உள்ள வெதை சத்தம் கேக்குதுன்னு அவகிட்டச் சொல்லு.”