பெரிய ரிம், குட்டைச் சுவர்: டயர் பொருத்துநர்களின் கணக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கார் உதிரிப் பொருள்களுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற கடைவீதியாகும். ஆலையிலிருந்து வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய அலாய் வீலையும் அதற்கேற்ற தட்டையான டயரையும் மாட்டிக்கொள்ளும் வழக்கம், ‘அப்சைஸ்’ என்ற பெயரில் இத்தகைய கடைவீதிகளில் வேரூன்றியுள்ளது. வாங்குபவர் பெரும்பாலும் தோற்றத்தையே பார்க்கிறார். அத்தோற்றம் ஆபத்தின்றி அமைவதோ, டயரின் பக்கச்சுவரில் பொறித்த எண்களை வாசிக்கத் தெரிந்த பொருத்துநரின் அறிவைச் சார்ந்திருக்கிறது.

185/65 ஆர்15 என்னும் குறியீட்டில், 185 என்பது டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதையும், ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பையும், 15 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. இதன்படி சுவரின் உயரம் ஏறத்தாழ 120 மி.மீ.; சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. மாருதி பலேனோவின் உயர்வகைகளில் வரும் 195/55 ஆர்16 டயரில் சுவர் 107 மி.மீ. ஆகக் குறைந்தும் மொத்த விட்டம் அதே 621 மி.மீ. அளவில் நிற்கிறது. 205/45 ஆர்17 டயரில் சுவர் 92 மி.மீ. ஆகவும் விட்டம் 616 மி.மீ. ஆகவும் அமைகின்றன. ரிம் வளரும் அளவுக்குச் சுவர் குறுகி, மொத்த விட்டம் மாறாதிருக்க வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் விதி. அதை மறந்து 195/60 ஆர்16 மாட்டினால் விட்டம் 640 மி.மீ. ஆகிவிடுவதால், வேகமானி 100 கி.மீ. காட்டும்போது வண்டி முந்தைய டயரில் ஓடியதைவிடச் சுமார் 3 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும், சக்கர வளைவில் டயர் உரசவும் கூடும்.

அளவுக்கு அடுத்து வரும் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. 88எச் என்பதில் 88 சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பது. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகத்துக்கான தகுதி. 205/45 ஆர்17 அளவில் கிடைக்கும் சாதாரண டயர்கள் பெரும்பாலும் 84 என்ற குறியீட்டையே, அதாவது 500 கிலோ தாங்குதிறனையே கொண்டவை என்பதால், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 240 கிலோ குறைந்துவிடுகிறது. இக்குறையை ஈடுசெய்ய, ‘எக்ஸ்எல்’ எனக் குறிக்கப்பட்ட, கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் சுமை தாங்கும் டயரைத் தேர்ந்த பொருத்துநர் எடுத்துக் கொடுக்கிறார்.

ரிம்மின் பொருத்தமும் இதே நுட்பத்தைக் கோருகிறது. 4×100 என்றால், நான்கு போல்ட் துளைகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன என்று பொருள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் இடையிலான தொலைவு ‘ஆஃப்செட்’ எனப்படும். அது மாறினால் சக்கரம் வெளியே துருத்தியோ, உள்ளே சஸ்பென்ஷனை நெருங்கியோ நிற்கும். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாயின், இடைவெளியை நிரப்பும் வளையம் இடாமல் மாட்டினால் ஸ்டியரிங் நடுங்கும்.

பட்டறையில் தட்டையான டயரே அதிக உழைப்பைக் கேட்பது. அதன் சுவர் விறைப்பானது என்பதால், ‘பீடு’ எனப்படும் கம்பி பொதிந்த விளிம்பை ரிம்மின் உதட்டைத் தாண்டச் செய்வதற்கு, டயர் மாற்றும் இயந்திரத்தின் துணைக்கரமும், விளிம்பில் பூசும் வழுக்குப் பசையும், எங்கே அழுத்தி எங்கே விடுவது என்றறிந்த கையும் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டால் பீடு கிழியும் அல்லது அலாய் கீறும். காற்றேற்றும்போது பீடு ரிம்மில் வெடியோசையுடன் பதியும். அத்தருணத்தில் அழுத்தம் மிகுந்தால் டயர் சிதறி உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் டயரின் மேல் குனியாமல் விலகி நின்றே குழாயைப் பிடிக்கிறார்கள். அதன்பின் சிறு எடைகளை ஒட்டிச் சக்கரத்தைச் சமன்செய்யும் பேலன்சிங்கும், சக்கரங்களின் கோணங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்டும் நடைபெறுகின்றன. இத்தனை பொறுப்பும் கொண்ட இவ்வேலை, இன்னும் வெறும் உடலுழைப்பாகவே மதிக்கப்படுவது நியாயமன்று.

குட்டைச் சுவர் வளைவுகளில் குறைவாகச் சாய்வதால் ஸ்டியரிங் உடனுக்குடன் பணிகிறது. 1970களில் இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் பி7 டயரைக் கொண்டு இதை உலகுக்குக் காட்டியது. ஆனால் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் காற்றுமெத்தையும் அதே அளவுக்குக் குறைகிறது. அடி பலமாக விழும்போது சுவரினுள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, அவ்விடம் கட்டிபோல் புடைக்கிறது, ரிம்மும் நெளிகிறது. புடைத்த டயரைப் பழுதுபார்க்க வழியில்லை என்பதால் அதைக் கழித்தே ஆக வேண்டும். மழைக்காலத்திற்குப் பிந்தைய நம் சாலைகளில் இது அரிய நிகழ்வன்று.

ஆகவே, ஒரே மாடலின் உயர்வகைக்குத் தயாரிப்பாளரே வழங்கும் அளவு வரை, பெரும்பாலும் ஓர் அங்குலம் வரை, உயர்த்துவதே தக்கது. அதற்கு மேல் செல்வது அழகுக்காகப் பாதுகாப்பை விலைபேசுவதாகும். வாங்குவோர் விலையைக் கேட்கும் முன் மொத்த விட்டம், சுமைக் குறியீடு, ஆஃப்செட் ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். “இந்த அளவு உங்கள் வண்டிக்கு வேண்டாம்” என்று வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லும் பொருத்துநரின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும்.