விட்டுப்போன எண்

கம்பைநல்லூர்

என் கணக்குப்புலிக்கு,

புளி தட்ட ஆள் கிடைக்கல, வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது. ஊர்க்கதை அவ்வளவுதான். இன்னிக்கு வம்பு நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜனைப் பத்தி. உடனே 1729-ன்னு வாயைத் திறக்காதே! அந்த டாக்ஸி கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இது வேற. மனுஷன் போட்ட ஒரு பட்டியல்ல ஒரு எண்ணை விட்டுட்டாராம்டி!

என்ன பட்டியல்னு கேளு. 60-க்குக் காரணிகள் 12. அதுக்குக் கீழே இருக்கிற எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம்னு நம்ம பெரியவங்க அதை விடவே இல்லை பாரு. இப்படித் தனக்குக் கீழே உள்ள அத்தனை பேரையும் காரணி எண்ணிக்கையில ஜெயிக்கிற எண்களைத்தான் அவர் வரிசையா எழுதினார். உன் 1729-க்கு எட்டே எட்டு காரணிதான். அந்த எட்டு 24-க்கே இருக்கு!

1915-ல லண்டன் கணிதச் சங்கத்து இதழ்ல கட்டுரை வந்துச்சு, அறுபது பக்கத்துக்கு மேல. இங்கே எஃப்.ஏ. தேறாத ஆளுக்கு அடுத்த வருஷமே கேம்பிரிட்ஜ் அதுக்காக பி.ஏ. கொடுத்துச்சு. (நம்மூர் பரீட்சையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலப்பா.) சங்கத்துக்கு அப்போ பணமுடை. செலவைக் குறைக்க எழுதினதுல ஒரு பகுதியை அவரே நிறுத்திவச்சுட்டார். அது ஒழுங்கா அச்சேற 1997 ஆச்சு.

பட்டியல் 6746328388800 வரைக்கும் போகுது. ஆறு லட்சத்து எழுபத்துநாலாயிரம் கோடிக்கும் மேல! ஆனா உள்ளே பிரிச்சுப் பார்த்தா பரம சாது. 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. அடுக்கு ஒவ்வொண்ணோடயும் ஒண்ணைக் கூட்டிப் பெருக்கு: 7×5×3×3, அதோட அஞ்சு ரெண்டு. 10080 காரணி. பகா எண் பெரிசாகப் பெரிசாக அடுக்கு ஏறவே கூடாதுன்னு அவரே நிரூபிச்சும் வச்சிருக்கார்.

விட்டுப்போனது 293318625600. மெஷின் இல்லாத காலத்துல கையால போட்ட கணக்கு, நூத்துக்கு மேல எண்கள், அதுல ஒண்ணுன்னா எனக்கு அவர் மேல மரியாதைதான் கூடுது. ஆனா வேடிக்கையைப் பாரேன், அவரோட கடைசி எண்ணை 23-ஆல வகுத்தா வர்றது இதே எண்தான்!

இன்னும் கேளு. விட்டுப்போனவருக்குக் காரணி 5040. அந்த 5040-ம் இதே பட்டியல்ல இருக்கிற ஆள், அதுக்குக் காரணி 60. 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. எல்லாமே பட்டியல்காரங்க, 4-க்கு 3-ன்னு வர்றப்பதான் வம்சம் நிக்குது. பட்டியல்ல கம்பீரமா உக்காந்திருக்கிற பெரியவர் கதை என்ன? அவருக்கு 10080, சரி, அதுவும் பட்டியல்ல உண்டு. 10080-க்கு 72. ஆனா 72-க்குக் காரணி 12 தான், அதை 60 எப்பவோ தட்டிக்கிட்டுப் போயிடுச்சு. பேரன்லயே முடிஞ்சது!

இப்படிக்கு,
உன் வம்புக்காரி