ஊதக் கூடாத வாய்

“பொட்டப்புள்ள சீட்டியடிச்சா வீடு வெளங்காது.”

பாட்டி இதைச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. திண்ணையில் உட்கார்ந்து அண்ணனிடம் சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். என் வாயில் ஓர் அடி விழுந்தது. அண்ணன் எழுந்து தெருவுக்குப் போய், அங்கே நின்று சீட்டியடித்தான். அவனால் வீடு விளங்காமல் போகவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு பாரில் உட்கார்ந்திருந்தபோது அந்த அடி நினைவுக்கு வந்தது.

ஹூஸ்டனிலிருந்து மூன்று நாள் அலுவலகப் பயிற்சிக்காக அங்கே போயிருந்தேன். உடன் வந்த ஆண்கள் மாலையானதும் இசை கேட்கக் கிளம்பிவிட்டார்கள். முதல் இரண்டு இரவுகளும் நான் விடுதி அறையில் வெந்நீர் ஊற்றிய பாக்கெட் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். யாரும் தடுக்கவில்லை. பார் என்றால் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடக்க வேண்டிய இடம் என்று உடம்புக்குள் பதிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் இரவு, ஜன்னல் வழியே வந்த டிரம்பெட் சத்தம் என்னைக் கிளப்பிவிட்டது.

ஃபிரெஞ்ச்மென் தெருவில் கதவுக்குக் கதவு இசை. ஒரு பாரின் வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். அங்கே நுழைவுச்சீட்டு இல்லை. ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே ஒரு வாளி சுற்றி வரும், முடிந்ததைப் போட வேண்டும். வாசிப்பவர்களின் வருமானத்தில் அந்த வாளிக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு ஜிஞ்சர் ஏல் வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் குழுவில் டிராம்போன் வாசித்தவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஊதும்போது கன்னம் பந்துபோல் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் சுருங்கியது. பாட்டு முடிந்ததும் வாத்தியத்தின் அடியிலிருந்த சின்ன மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்திருந்த நீரைத் தரையில் வடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தயாரானார். தன் முகம் எப்படித் தெரிகிறது என்ற கவலையே இல்லாமல் மேடையில் ஒரு பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஜாஸ் பிறந்த ஊர் அது. ஆனால், அந்த ஊரின் பழைய குழுக்களில் பெண்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டு இடங்கள்தாம்: பாட்டு, இல்லையென்றால் பியானோ. 1897இல் பிறந்த ‘ஸ்வீட்’ எம்மா பேரட் பியானோ கலைஞர். முழங்காலருகே மணிகள் கட்டிய பட்டி அணிந்து, தாளத்துக்கேற்ப அவற்றை ஒலிக்கவிட்டு வாசிப்பார். 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹாலில் தன் பெயரிலேயே குழு நடத்தினார். 1967இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்த பிறகும், வலக்கையால் மட்டுமே வாசித்தார். 1983இல் இறக்கும்வரை அவர் நிறுத்தவில்லை. அவ்வளவு பெரிய கலைஞர். ஆனாலும், பக்கத்தில் நின்று ஊதிய டிரம்பெட்டும் டிராம்போனும் ஆண்களின் கையில்தான் இருந்தன.

நம் ஊர் மட்டும் என்ன? வீணையும் வாய்ப்பாட்டும் பெண்ணுக்கு ‘அடக்கமான’ கலைகள். நாதஸ்வரம் என்றால், மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாயைப் போன்ற சிலரின் பெயர்கள்தாம் நமக்குத் தெரியும். ஊதினால் முகம் கோணும், மூச்சு வாங்கும், சத்தம் நாலு தெரு தாண்டிப் போகும். பெண்ணின் முகமும் மூச்சும் சத்தமும் அவளுக்குச் சொந்தமில்லை என்று நினைக்கிற எந்த ஊரும் அவள் கையில் ஊதுகுழலைக் கொடுக்காது.

நியூ ஆர்லியன்ஸில் அதை மாற்றியவர்களில் பள்ளி மாணவிகளும் உண்டு. செயின்ட் மேரிஸ் அகாடமி என்ற பெண்கள் பள்ளியில் 1991இல் தொடங்கியது ‘ஒரிஜினல் பினெட்ஸ்’ பிராஸ் பேண்ட். டியூபா முதல் டிரம் வரை எல்லாமே பெண்கள். 2013இல் அந்த நகரத்தில் நடந்த ஒரு போட்டியில் ஆண்கள் குழுக்களைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார்கள்.

இதையெல்லாம் பெருமையோடு எழுதிக்கொண்டு போகலாம். ஆனால், அந்தப் பாரில் என் தொண்டையை அடைத்தது வேறு.

மூன்று வருடங்களுக்கு முன், ஆறாம் வகுப்பில் சேர்ந்த என் மகள் பள்ளி பேண்ட் வகுப்பிலிருந்து ஓடி வந்து, “அம்மா, நான் டிராம்போன் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். “அது உன்னைவிட நீளமா இருக்குடி. ஃப்ளூட் எடுத்துக்கோ, பார்க்க அழகா இருக்கும்” என்றேன். கேட்க அல்ல, பார்க்க! பாட்டி வாயில் அடித்துச் சொன்னதை நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

வாளி என்னிடம் வந்தது. இருபது டாலர் போட்டேன். வாடகைக் காரில்தான் விடுதிக்குத் திரும்பினேன். ஒரே இரவில் இருட்டுப் பயம் தெளிந்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன். “இப்பவாவது டிராம்போனுக்கு மாத்திக்கிறியா?”

“இப்ப எதுக்கும்மா? ஃப்ளூட்டே பிடிச்சுப்போச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அன்னிக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டியின் கதையைச் சொன்னேன். “அப்போ உனக்கு சீட்டியடிக்கத் தெரியுமா? எங்கே, அடி பாப்போம்” என்றாள்.

உதட்டைக் குவித்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “தினமும் பிராக்டிஸ் பண்ணணும்மா” என்றாள்.

பண்ணிக்கொண்டிருக்கிறேன்.