"குமட்டுது மேடம்"

மயக்கவியல் எம்.டி. படிப்பில் இரண்டாம் ஆண்டுதான் ஆபத்தானது. அதற்குள் கை பழகிவிடும், பயம் விட்டுப்போகும். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் நான் அப்போது அப்படித்தான் இருந்தேன்.

இரவுப் பணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை பார்க்கும் பெண்; முதல் பிரசவம், சிசேரியன். முதுகில் ஊசி ஒரே குத்தில் இறங்கி, தண்டுவட நீர் தெளிவாகச் சொட்டியது. 0.5 சதவீத ஹெவி புப்பிவகைனைச் செலுத்தி, மல்லாக்கப் படுக்கவைத்து, வலது இடுப்புக்கடியில் துணிச்சுருளைச் செருகினேன். நிறைமாத வயிறு பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தாமலிருக்க அது வேண்டும். ரத்த அழுத்தம் 118/74. நிம்மதியாகக் கேஸ் ஷீட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

"மேடம், குமட்டுது."

"பயத்துலதாம்மா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

"இல்ல மேடம், என்னமோ பண்ணுது."

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். 118/74. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக அரும்பியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மறுபடி திரை. அதே 118/74. ஏன் கொஞ்சம்கூட மாறவில்லை? எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நேரம் தெரிந்தது. படுக்கவைத்ததும் எடுத்த அளவு அது. நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கவேண்டிய கருவியை 5 நிமிட இடைவெளியிலேயே விட்டிருந்தேன். பொத்தானை அழுத்தினேன். கைப்பட்டை இறுகித் தளர்ந்து, மறுபடி இறுகியது. 64/30.

ஸ்பைனல் என்று நாங்கள் சொல்லும் இந்த முதுகு ஊசி வலியை மட்டும் நிறுத்துவதில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் தளர்த்திவிடும். அழுத்தம் விழும்போது பல தாய்மார்களுக்கு முதலில் வருவது குமட்டல்தான். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் கூடவே குறையும். இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

மெஃபென்டர்மின் போட்டு, சலைனை வேகமாக ஓடவிட்டதில் அழுத்தம் ஏறியது. ஆனால் குழந்தை துவண்டுதான் பிறந்தது. முகமூடி வைத்துப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்த பிறகே அழுதது. அன்றிரவு முழுக்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இருவரும் நலமாக வீடு போனார்கள். பிறந்த சூட்டோடு பிள்ளையை அம்மாவின் கன்னத்தோடு சேர்த்துவைப்போமே, அது மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் வார்டில் கேட்டார்: "நான் சும்மா சொல்றேன்னு நெனச்சீங்களா மேடம்?"

"ஆமாம்மா. தப்பு என்மேலதான்."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை என்று தோன்றியது.

இப்போதெல்லாம் ஸ்பைனல் போட்டதும் தலைமாட்டில்தான் நிற்கிறேன். அழுத்தம் விழாமல் தாங்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்து அப்போதே ஓடத் தொடங்கிவிடும். அழுத்தத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறோம். தாய் "குமட்டுது" என்றால், சிரிஞ்சைக் கையில் எடுத்த பிறகே திரையைப் பார்க்கிறேன். கேஸ் ஷீட்டில் அழுத்தத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அவர் சொன்னதையும், சொன்ன நேரத்தையும் எழுதுகிறேன்.