அக்கா கட்டும் ஈக்கள்

உன் அக்கா என்ன வேலை செய்றாங்க என்று கம்பஸில் யாராவது கேட்டால், "ஈ கட்டுறாங்க" என்றுதான் சொல்வேன். கேட்டவங்க சிரிப்பாங்க. பிறகு நான் விளக்கம் சொல்லணும். அந்த விளக்கத்தைத்தான் கொஞ்சம் நீளமாக இங்கே எழுதுறேன்.

தூண்டில் என்றால் நமக்குத் தெரிஞ்சது புழுவைக் குத்தித் தண்ணியில போடுறது. வெளிநாட்டில் ஃப்ளை ஃபிஷிங் என்று ஒரு முறை இருக்கு. அதில் புழு இல்லை. சின்னக் கொக்கி ஒன்றில் நூல், இறகு, மிருக முடி எல்லாம் சுற்றிக் கட்டி, ஒரு பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ ஆக்கிடுவாங்க. அதுக்குப் பேர்தான் ஃப்ளை. அதுக்குப் பாரமே கிடையாது. அதனால தூண்டில் கயிறையே கனமாகச் செய்து வீசுறாங்க. கயிறு போற வழியில ஃப்ளையும் போய் விழும். ட்ரவுட் மீன் நிஜப் பூச்சி என்று நினைச்சு மேலே வந்து கவ்வும்.

இந்த ஃப்ளைகளை ஒவ்வொன்றாகக் கையாலதான் கட்டணும். அமெரிக்கக் கடைகளில் மூன்று நாலு டொலருக்கு விக்கிற ஃப்ளைகளில் நிறைய, கென்யா, தாய்லாந்து, இலங்கை மாதிரி நாடுகளில் கட்டப்பட்டவை. எங்க அக்கா ஓ/எல் முடிச்ச கையோட தோட்டத்தை விட்டுக் கொழும்புப் பக்கம் இப்படி ஒரு பெக்டரிக்குப் போனாங்க. அந்தச் சம்பளத்திலதான் நான் ஏ/எல் படிச்சேன், கம்பஸ் வந்தேன்.

போன லீவுக்கு அவங்க போடிங்கில ஒரு வாரம் நின்றேன். அக்கா எனக்கும் கட்டக் காட்டித் தந்தாங்க. கொக்கியின் வளைவை ஒரு சின்ன இடுக்கியில இறுக்கி வைக்கணும். முதலில் நூலால ஒரு அடித்தளம் சுற்றணும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வழுக்கிடும். பிறகு வால், உடம்பு, செட்டை. கடைசியாகச் சேவலின் கழுத்து இறகு. அதைக் கொக்கியைச் சுற்றி வளைச்சால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக விரிஞ்சு நிற்கும். தண்ணி மேல ஃப்ளை மிதக்கிறது அந்த இழைகளாலதான். இழை நீளம் கூடினால் கவிழ்ந்திடும், குறைஞ்சால் தாழ்ந்திடும். கடைசி முடிச்சைப் போட்டு ஒரு சொட்டு வார்னிஷ் வைக்கணும். அது கொக்கியின் கண்ணை அடைச்சால் ரிஜெக்ட்.

கடலுக்குப் போற ஃப்ளை வேற கதை. உப்புத் தண்ணிக்குச் சாதாரணக் கொக்கி துருப்பிடிக்கும் என்பதால துருப்பிடிக்காத உருக்குக் கொக்கி. பூச்சிக்குப் பதிலாக மானின் வால் முடியில குட்டி மீனும் இறாலும். அக்கா அதிகம் கட்டுறது க்ளவுசர் மினோ. அதன் தலைக்குப் பக்கத்தில் ஈயத்தால ரெண்டு கண் இருக்கும். அந்தப் பாரத்தால ஃப்ளை தலைகீழாகப் புரண்டு, கொக்கியின் முனை மேலே பார்க்கும். அதனால அடியில இருக்கிற கல்லிலும் பாசியிலும் அவ்வளவாகச் சிக்காது. கயிறை இழுத்தால் எழும்பும், விட்டால் தலை குத்தி இறங்கும். அடிபட்ட மீன் குஞ்சு அப்படித்தான் நீந்துமாம். இதையெல்லாம் அக்கா சொல்ல, நான் கம்பஸ் லெக்சர் மாதிரி நோட் எடுத்தேன்.

பெயர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கினதும் அங்கேதான். க்ளவுசர் மினோவில இருக்கிறது பொப் க்ளவுசர் என்ற அமெரிக்கரின் பெயர். பென்சில்வேனியாவில ஆற்று மீனுக்காக அவர் உருவாக்கினது, பிறகு கடலுக்கும் போச்சு. அடம்ஸ் என்ற ட்ரவுட் ஃப்ளையை 1922இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டினார், நண்பர் சார்ல்ஸ் அடம்ஸின் பெயரை வச்சார். நூறு வருஷம் தாண்டியும் கடைகளில் அந்தப் பேர் நிற்குது. அக்கா இதுவரைக்கும் எத்தனை ஆயிரம் அடம்ஸ் கட்டியிருப்பாங்க என்று அவங்களுக்கே தெரியாது. சட்டையிலாவது 'மேட் இன் ஶ்ரீலங்கா' என்று ஒரு லேபிள் இருக்கும். நகத்தளவு ஃப்ளையில அதுக்கும் இடமில்லை.

ஃப்ளை கட்டுற பெண்ணுக்குப் பேரே கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. ஸ்கொட்லாந்தில் மேகன் பொய்ட் என்று ஒருவர் இருந்தார். ப்ரோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் கொட்டிலில் இருந்து வாழ்நாள் முழுக்க சல்மன் மீனுக்கு ஃப்ளை கட்டினவர். மீன் பாவம் என்று தூண்டில் போட்டதே இல்லை. இன்றைய மன்னர் சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது அவரிடம் ஃப்ளை வாங்கியிருக்கிறார். 1971இல் பிரித்தானிய அரசு பதக்கம் கொடுத்தது. நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அதை வாங்க அவர் போகவில்லை. அக்காவும் தூண்டில் போட்டதில்லை, அக்காவும் ஒரு நாள் முழுக்கக் கழுத்தைக் குனிஞ்சுதான் கட்டுறாங்க. ஆனால் மேகன் பொய்ட் கட்டினது 'மேகன் பொய்ட் ஃப்ளை'. அக்கா கட்டினது இன்றைய டார்கெட்.

இன்னொரு விஷயம். ட்ரவுட் எங்க மலைக்கும் புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானியர் அதைக் கொண்டு வந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டாங்க. ஹோர்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் இன்னும் இருக்கு. அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. துரைமார் தேயிலையைக் கொண்டு வந்தாங்க, கொழுந்து பறிக்க எங்க பூட்டன் பூட்டியைக் கொண்டு வந்தாங்க, லீவு நாளில் பிடிச்சு விளையாட மீனையும் கொண்டு வந்தாங்க. இன்றைக்கு அந்த லயத்துப் பிள்ளை ஒருத்தி, தான் பார்த்தே இராத ஆறுகளுக்கு ஈ கட்டி அனுப்புறாங்க.

போன வருஷம் ஒரு விண்ணப்பம் நிரப்ப அக்காவோட ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுறது என்று கேட்டோம். அங்கிருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "லேபர் என்று போடுங்க" என்றார். அக்கா போட்டாங்க. எனக்குத்தான் கை நடுங்கிச்சு. ஒரு இழை நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, மாதிரிக்கு ஒரு மயிரிழை பிசகாமல் கட்டுற கைக்கு 'பயிற்சி இல்லாத வேலை' என்று பேர் என்றால், பயிற்சி என்பது என்ன? பட்டத்துக்கு மட்டும்தான் அந்தச் சொல்லா?

எனக்குப் பெரிய தீர்வு ஒன்றும் தெரியாது. பெட்டியில் கட்டினவரின் பேரைப் போட ஒரு வரி போதும் என்று மட்டும் தெரியும். சம்பளமும் கழுத்து வலியும் அதால தீராது. ஆனால் லேபர் என்று எழுதச் சொல்றவருக்குக் காட்ட ஒன்று இருக்கும்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவங்க அப்போ ஊருச் சேவலின் இறகில, எந்த மாதிரியும் பார்க்காமல், சும்மா ஒன்று கட்டிக்கொண்டு இருந்தாங்க. சிவப்பும் கறுப்பும். நான் பார்த்ததில் அதுதான் அழகு.

"இதுக்கு உன் பேரை வைப்போம்" என்றேன்.

"பேரை மீனு வாசிச்சிட்டா கடிக்கப்போவுது, புள்ள?" என்று சிரிச்சாங்க.

மீன் வாசிக்காது. நீங்க வாசிக்கிறீங்க. அக்காவின் பேர் செல்வராணி.